விட்டுப் போகாதவர்கள்: ஜெர்மனியின் எஸ்.பி.டி. உறுப்பினர்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2018 மார்ச் 3, சனிக்கிழமை இரவு. பெர்லினில் எஸ்.பி.டி. எனப்படும் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைமையகமான வில்லி பிராண்ட் இல்லத்தில் விடிய விடிய விளக்கு எரிந்தது. கட்சித் தொண்டர்கள் மேசைகளில் உட்கார்ந்து தபால் உறைகளைப் பிரித்து வாக்குச் சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். முடிவு முன்கூட்டியே கசிந்துவிடக் கூடாது என்று அவர்களுடைய கைபேசிகளை வாங்கி வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை கட்சிப் பொருளாளர் டீட்மார் நீட்டான் எண்களை வாசித்தார். வாக்களித்தவர்கள் 3,78,437 பேர். ஆம் என்றவர்கள் 2,39,604. இல்லை என்றவர்கள் 1,23,329. பிரதமர் ஏங்கெலா மெர்க்கலின் கிறிஸ்தவ ஜனநாயக அணியோடு மறுபடியும் ஆட்சியில் சேர்ந்துகொள்ள, செல்லுபடியான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் சொல்லியிருந்தது.

கூடத்தில் கைதட்டல் எழவில்லை. ஆம் என்ற பக்கம்தான் ஜெயித்திருந்தது, ஆனால் அங்கே நின்ற யார் முகத்திலும் ஜெயித்த களை இல்லை.

இந்த நிகழ்வில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்த அமைதிதான். ஆம் என்று குறித்தவர்களில் கணிசமானவர்களுக்கு அந்தக் கூட்டணி பிடிக்கவே இல்லை. தலைமை தங்கள் ஆட்களைக் கைவிட்டுவிட்டது என்று பதினைந்து வருடமாக உறுப்பினர்கள் குமுறிக்கொண்டிருந்த கட்சி அது. ஆனாலும் சந்தா கட்டினார்கள், தபாலில் வந்த உறையைப் பிரித்தார்கள், ‘நானே வாக்களித்தேன்’ என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஏமாற்றிய கட்சியில் ஒருவர் ஏன் தங்குகிறார் என்று கேட்டால் பழக்கம், குருட்டு விசுவாசம், பதவி ஆசை என்று பதில்கள் உடனே வந்து விழும். நெருங்கிப் பார்த்தால் அவை போதவில்லை.

என் கணிப்பு இது. அந்த உறுப்பினர்களுக்குக் கட்சி வேறு, அரசாங்கம் வேறு. அரசாங்கம் நாலு வருடச் சமாச்சாரம். கட்சி அவர்களுக்குப் பூர்வீகச் சொத்து மாதிரி; நிர்வாகம் இப்போது தவறான ஆள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். நிர்வாகி சரியில்லை என்பதற்காகத் தன் பாகத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேற யாருக்கும் மனம் வராது. தலைமைக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டு தலைமை என்ன செய்தது என்பதும் இந்த ஆய்வுக்குள் வருகிறது.

வலி எங்கே ஆரம்பித்தது

1998 செப்டம்பரில் கெர்ஹார்ட் ஷ்ரோடர் தலைமையில் எஸ்.பி.டி. 40.9 சதவீத வாக்கு வாங்கி ஹெல்முட் கோலின் 16 வருட ஆட்சியை முடித்துவைத்தது. அப்போது கட்சியில் சுமார் 7,75,000 உறுப்பினர்கள். இடதுசாரி உறுப்பினர்களின் நம்பிக்கையெல்லாம் கட்சித் தலைவரும் நிதியமைச்சருமான ஓஸ்கர் லாஃபோன்டேன் மீது இருந்தது. ஆறே மாதத்தில், 1999 மார்ச்சில், அவர் இரண்டு பதவிகளையும் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

உண்மையான முறிவு 2003 மார்ச் 14 அன்று வந்தது. ஷ்ரோடர் நாடாளுமன்றத்தில் ‘அஜெண்டா 2010’ என்ற திட்டத்தை அறிவித்தார். பொருளாதாரம் தேங்கிக் கிடந்தது, வேலையில்லாதோர் எண்ணிக்கை 40 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் தகராறு இல்லை. அவர் தேர்ந்தெடுத்த வழிதான் கட்சியின் அடிவயிற்றில் விழுந்த அடி.

அதுவரை ஜெர்மனியில் வேலை இழந்தவருக்கு முதலில் காப்பீட்டுப் பணம் கிடைக்கும். அது தீர்ந்தபின், பழைய சம்பளத்தில் ஒரு பங்கைக் கணக்கிட்டு அரசு உதவி தொடரும், கால வரம்பு இல்லாமல். ‘ஹார்ட்ஸ் 4’ என்று மக்கள் வாயில் நிலைத்துவிட்ட சட்டம் 2005 ஜனவரி 1 முதல் அந்த உதவியை ஏழைகளுக்கான நிவாரணத்தோடு ஒன்றாக்கியது. இனிப் பெரும்பாலானோருக்கு 12 மாதம்தான் காப்பீடு. அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே தொகை: மேற்கில் மாதம் 345 யூரோ, கிழக்கில் 331 யூரோ, அதோடு வாடகை. அதை வாங்குவதற்கும் சேமிப்பைக் காட்ட வேண்டும், வீட்டில் கூட இருப்பவரின் வருமானத்தைச் சொல்ல வேண்டும்.

இரும்பு ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்து, மாதாமாதம் காப்பீட்டுச் சந்தா கட்டிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஆலை மூடுகிறது. ஒரு வருடம் கழித்து, ஒரு நாளும் வேலைக்குப் போகாதவருக்கு என்ன தொகையோ அதே தொகை இவருக்கும். பணம் குறைந்தது ஒரு வலி. உழைத்த காலம் கணக்கில் வராமல் போனது அதைவிடப் பெரிய வலி. அந்த ஆலைத் தொழிலாளிதான் எஸ்.பி.டி.யின் முதுகெலும்பு. தன் கட்சியே, தான் சுவரொட்டி ஒட்டிக் கொண்டுவந்த ஆட்சியே இதைச் செய்ததை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. இந்தச் சட்டம் வேலையின்மையைக் குறைத்ததா என்று பொருளாதார அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் எப்படி முடிந்தாலும் இந்தக் காயம் ஆறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

உறுப்பினர்கள் சும்மா இருக்கவில்லை. 2003 மே தினத்தில் ஹெஸ்ஸன் மாநிலத்தின் நொய்-ஆன்ஸ்பாக் ஊரில் தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசிய ஷ்ரோடரை விசிலடித்து எதிர்த்தார்கள். கட்சியின் 12 நாடாளுமன்ற உறுப்பினர்கள் ‘நாங்கள்தான் கட்சி’ என்ற முழக்கத்தோடு உட்கட்சிக் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டிருந்தால் தலைமை பணிந்திருக்க வேண்டும், அல்லது எல்லா உறுப்பினர்களின் வாக்குக்கும் விட்டிருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை சேரவில்லை. ஜூன் 1 அன்று பெர்லினில் கூடிய சிறப்பு மாநாட்டில் சுமார் 90 சதவீதப் பிரதிநிதிகள் திட்டத்துக்குக் கை தூக்கினார்கள்.

அந்த 90 சதவீதம் ஒப்புதல் அல்ல. இது நிறைவேறாவிட்டால் நான் பிரதமராக இருக்க மாட்டேன் என்று ஷ்ரோடர் சொல்லிவிட்டார். 16 வருடம் காத்திருந்து பிடித்த ஆட்சி. அதைக் கவிழ்த்த பழி யாருக்கு வேண்டும்? 2018 வரை மறுபடி மறுபடி வரப்போகும் மிரட்டலின் முதல் பதிப்பு அது: நீங்கள் மறுத்தால் எல்லாம் போய்விடும்.

2004இல் கிழக்கு ஜெர்மனியின் மாக்டெபர்க், லைப்சிக் நகரங்களில் திங்கட்கிழமைதோறும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சியை அசைத்த அதே திங்கட்கிழமை ஊர்வலங்களின் பெயரில், இந்த முறை ஒரு சமூக ஜனநாயக அரசுக்கு எதிராக. ஷ்ரோடர் கட்சித் தலைவர் பதவியை ஃப்ரான்ஸ் மியூன்டஃபெரிங்கிடம் ஒப்படைத்தார். பதவியேற்ற மாநாட்டில் மியூன்டஃபெரிங் சொன்ன வாக்கியம் இன்றும் கட்சிக்குள் புழங்குகிறது: எதிர்க்கட்சியாக இருப்பது குப்பை, அதை மற்றவர்கள் செய்யட்டும். அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல் உண்மையில் சாணத்தைக் குறிக்கும்.

அடுத்த ஏமாற்றம் எளிய கணக்கு. 2005 தேர்தலில் மெர்க்கலின் அணி மதிப்புக் கூட்டு வரியை 16 சதவீதத்திலிருந்து இரண்டு புள்ளி உயர்த்துவோம் என்றது. எஸ்.பி.டி. அதை ‘மெர்க்கல் வரி’ என்று பெயர் வைத்து ஊர் ஊராக எதிர்த்துப் பிரசாரம் செய்தது. தேர்தலுக்குப் பிறகு இருவரும் கூட்டணி சேர்ந்தார்கள். ஒரு பக்கம் பூஜ்யம், மறுபக்கம் இரண்டு. சேர்ந்து உயர்த்தியது மூன்று. 2007 ஜனவரி முதல் வரி 19 சதவீதம். வீடு வீடாகப் போய் மெர்க்கல் வரி வேண்டாம் என்று சொன்ன உறுப்பினர் அதே வீட்டு வாசலில் மறுபடி எப்படி நிற்பார்? அப்புறம் ஓய்வூதிய வயதை 67 ஆக்கினார்கள். 2009 தேர்தலில் வாக்கு 23 சதவீதமாகச் சரிந்தது.

போனவர்கள் எங்கே போனார்கள்

1998க்கும் 2005க்கும் இடையில் உறுப்பினர் எண்ணிக்கை 7,75,000இலிருந்து சுமார் 5,90,000 ஆகக் குறைந்தது. 2008இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி உறுப்பினர் எண்ணிக்கையில் எஸ்.பி.டி.யை முந்திவிட்டது. ஒரு காலத்தில், 1970களின் நடுவில், பத்து லட்சத்தைத் தாண்டியிருந்த கட்சி இது. இந்தச் சரிவில் ஒரு பகுதி மரணம். வயதானவர்களின் கட்சி அது. மீதி, கடிதம் எழுதி விலகியவர்கள்.

விலகியவர்கள் போவதற்கு ஓர் இடம் தயாராகவே இருந்தது. ஹார்ட்ஸ் 4 எதிர்ப்பிலிருந்து டபிள்யூ.ஏ.எஸ்.ஜி. என்ற புதுக்கட்சி பிறந்தது. லாஃபோன்டேன் 2005இல் எஸ்.பி.டி.யை விட்டு விலகி அந்தப் பக்கம் போனார். 2007இல் அது கிழக்கு ஜெர்மனியில் வேரூன்றிய இடதுசாரிக் கட்சியோடு இணைந்து ‘டி லிங்கே’ (இடது) ஆனது. ஆனால் டபிள்யூ.ஏ.எஸ்.ஜி.யில் சேர்ந்தவர்கள் மொத்தமே சுமார் 12,000 பேர்தான். எஸ்.பி.டி. இழந்ததோ ஏறக்குறைய 1,85,000.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. விலகியவர்களில் மிகப் பெரும்பாலோர் வேறு கட்சிக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனார்கள். எஸ்.பி.டி.யை விடுவது என்றால் அவர்களுக்கு அரசியலையே விடுவது. அப்படியானால் தங்கியவரின் முன்னால் இருந்த தேர்வு, இந்தக் கட்சியா அந்தக் கட்சியா என்பதல்ல. கிளையில் உட்கார்ந்து கோபப்படுவதா, வரவேற்பறையில் தனியாக உட்கார்ந்து கோபப்படுவதா என்பதுதான்.

கிளைக்குள்

எஸ்.பி.டி.யின் அடிப்படை அலகு உள்ளூர்க் கிளை. ஜெர்மன் மொழியில் ‘ஓர்ட்ஸ்ஃபெரைன்’ என்பார்கள். உணவகத்தின் பின்னறையிலோ சமூகக் கூடத்திலோ கூடுவார்கள். அங்கே எல்லோரும் தோழர். எல்லோரையும் ஒருமையில் ‘நீ’ என்றுதான் அழைக்க வேண்டும். அறிமுகமில்லாத பெரியவரை ‘நீங்கள்’ என்று மட்டுமே அழைக்கும் அந்தச் சமூகத்தில் இது சின்ன விஷயமில்லை. பிரதமரே வந்தாலும் கட்சிக்குள் அவர் ‘நீ’தான். தபால்காரரும் அமைச்சரும் ஒருவரை ஒருவர் நீ என்று அழைத்துக்கொள்ளும் இடம் ஒருவருடைய வாழ்க்கையில் எத்தனை இருக்கும்?

உறுப்பினர் அட்டையைச் ‘கட்சிப் புத்தகம்’ என்பார்கள். சிவப்பு அட்டை போட்ட சிறு புத்தகம். முன்பெல்லாம் கிளையின் வசூல்காரர் மாதாமாதம் வீடு வீடாக வருவார், சந்தா வாங்கிக்கொண்டு புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டிக் கொடுப்பார். சந்தா வருமானத்துக்கு ஏற்றபடி. 25 வருடம், 40 வருடம், 50 வருடம் உறுப்பினராக இருந்தவர்களைக் கூட்டம் கூட்டிப் பாராட்டுவார்கள். காப்பியும் கேக்கும் இருக்கும், சான்றிதழும் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன ஊசிச் சின்னமும் கொடுப்பார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது சடங்கு. 1972இல் அன்றைய பிரதமர் வில்லி பிராண்டுக்காகக் கட்சியில் சேர்ந்து, நாற்பது வருடம் கழித்து அந்தச் சின்னத்தை வாங்குபவருக்கு அவருடைய வாலிபம் அதற்குள் இருக்கிறது. ஷ்ரோடர் செய்த காரியத்துக்காக அதை எப்படித் திருப்பிக் கொடுப்பார்?

கட்சியைச் சுற்றி ஒரு முழு உலகமே இருந்தது. 1919இல் மரி யூகாச் தொடங்கிய தொழிலாளர் நல அமைப்பு இன்றும் முதியோர் இல்லங்களும் மழலையர் பள்ளிகளும் நடத்துகிறது. தொழிலாளர் பாடகர் குழுக்கள் இருந்தன, விளையாட்டுக் கழகங்கள் இருந்தன. அந்த உலகத்தின் பெரும்பகுதி இப்போது இல்லை. ஆனால் உறுப்பினர்களின் சராசரி வயது சுமார் 60 என்பதை மறக்கக் கூடாது. அந்த உலகத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்னும் கிளையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. கிளைக்காரருக்குக் கட்சி என்றால் பெர்லின் மட்டுமல்ல. ஊராட்சி மன்றத்தில் நீச்சல் குளத்தை மூடாமல் காப்பாற்றியதும் கட்சிதான், பள்ளிக்குப் பேருந்து விடவைத்ததும் கட்சிதான். பெர்லின் தலைமை செய்யும் தவற்றுக்காக ஊர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வருவதில்லை. தேசியத் தேர்தல் முடிவுகளை மட்டும் பார்த்துக் கட்சியை எடை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

மாநாடு முடியும்போது எழுந்து நின்று பாட்டுப் பாடுவார்கள். நாஜிக் காலத்தில் மறைத்துக் காப்பாற்றிய கட்சிக் கொடியில் 1863 மே 23 என்ற தேதி இருக்கிறது. ஃபெர்டினான்ட் லஸால் லைப்சிக்கில் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய நாள். பிஸ்மார்க் 12 வருடம் தடைச் சட்டம் போட்டு அடக்கிப் பார்த்தார். 1933 மார்ச் 23 அன்று ஹிட்லருக்குச் சர்வ அதிகாரம் கொடுக்கும் சட்டம் வந்தபோது, எதிர்த்து வாக்களித்தவர்கள் எஸ்.பி.டி.யின் 94 பேர் மட்டுமே. மீதிப் பேரில் பலர் அதற்குள் சிறையில் இருந்தார்கள், அல்லது தப்பி ஓடியிருந்தார்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை அவைக்குள்ளேயே விடவில்லை. ஆயுதம் தாங்கிய நாஜிப் படையினர் நின்ற மண்டபத்தில் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து சொன்னார்: எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், எங்கள் மானத்தைப் பறிக்க முடியாது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த 94 பேரின் கட்சி இது என்று ஒருவர் தன்னைச் சேர்த்துக்கொண்டுவிட்டால், வரி 16லிருந்து 19 ஆனது அந்த உறவை முறிக்கப் போதாது.

ஹிர்ஷ்மனின் கணக்கும் அதில் வராததும்

பெர்லினில் 1915இல் பிறந்து, இளம்வயதில் இதே கட்சியின் இளைஞர் அமைப்பில் இருந்து, 1933இல் நாட்டை விட்டு வெளியேறிய பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். ஒரு நிறுவனம் சரியத் தொடங்கினால் அதைச் சார்ந்தவர்களுக்கு இரண்டு வழி என்று அவர் 1970இல் எழுதினார்: வெளியேறலாம், அல்லது உள்ளே இருந்து குரல் கொடுக்கலாம். விசுவாசம் என்பது வெளியேற்றத்தைத் தள்ளிப்போட்டுக் குரலுக்கு நேரம் வாங்கித் தருகிறது. ஆபத்தும் அதிலேயே உண்டு: தரத்தில் அக்கறை மிகுந்தவர்கள் முதலில் வெளியேறிவிட்டால், மிச்சமிருக்கும் குரல் மெலிந்துவிடும்.

எஸ்.பி.டி.க்கு இது பெருமளவு பொருந்துகிறது. 2003 முதல் 2005 வரை போனவர்கள் அதிகம் கோபப்பட்டவர்கள். அவர்கள் போனதால் மிச்சமிருந்த கிளைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுமைசாலிகளின் கிளைகளாயின. தலைமைக்கு அது வசதிதான்.

ஆனால் ஹிர்ஷ்மனின் கணக்கில் குரலுக்குப் பலன் இருக்க வேண்டும். பலன் வரும் என்று நம்புகிறவர்தான் தங்குவார். இங்கே பலன் வந்தது மிகத் தாமதமாக, துண்டு துண்டாக. குறைந்தபட்ச ஊதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 தேர்தலுக்குப் பிறகு மறுபடி மெர்க்கலோடு சேர, கட்சி முதல்முறையாகக் கூட்டணி ஒப்பந்தத்தை எல்லா உறுப்பினர்களின் வாக்குக்கும் விட்டது. சுமார் 76 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 2015 ஜனவரி 1 முதல் மணிக்கு 8.50 யூரோ சட்டமானது. சுமார் 40 லட்சம் வேலைகளுக்கு ஊதியம் உயர்ந்தது. ஹார்ட்ஸ் 4 அறிவித்ததிலிருந்து எண்ணினால் 12 வருடக் காத்திருப்பு. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது எஸ்.பி.டி.யின் தொழிலாளர் அமைச்சர் ஆன்ட்ரியா நாலெஸ். ஆனால் 2017 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது 20.5 சதவீதம். செய்ததற்கு நன்றி கிடைக்கவில்லை, செய்யாததற்கு வசவு கிடைத்தது என்ற மனக்குறை கிளைகளில் ஊறியிருந்தது. விசித்திரம் என்னவென்றால், அந்த மனக்குறையே தங்கியவர்களை இன்னும் நெருக்கமாக ஒட்டவைத்தது.

2018 குளிர்காலம்

2017 மார்ச்சில் மார்ட்டின் ஷூல்ஸ் 100 சதவீத வாக்கோடு தலைவரானார். போருக்குப் பிந்தைய எஸ்.பி.டி. வரலாற்றில் வேறு யாருக்கும் கிடைக்காத எண். செப்டம்பரில் தோற்ற இரவே, இனி மெர்க்கலோடு கூட்டணி இல்லை என்றார். உறுப்பினர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நவம்பரில் மெர்க்கல், பசுமைக் கட்சி, தாராளவாதிகள் இடையே நடந்த பேச்சு முறிந்தது. எஸ்.பி.டி.யிலிருந்து வந்தவரான குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையர், பொறுப்பைத் தட்டிக்கழிக்க வேண்டாம் என்று வலியுறுத்தினார். ஷூல்ஸ் பேச்சை மாற்றிக்கொண்டார்.

2018 ஜனவரி 21, பான் நகரில் சிறப்பு மாநாடு. பேச்சுவார்த்தை தொடங்கலாமா என்பது கேள்வி. இளைஞர் அணியான ‘யூசோஸ்’ அமைப்பின் தலைவர் கெவின் க்யூனர்ட், 28 வயது, எதிர்ப்பை முன்னின்று நடத்தினார். இது குள்ளர்களின் கலகம் என்று மெர்க்கல் அணியின் தலைவர் ஒருவர் ஏளனம் செய்திருந்தார். க்யூனர்ட் மேடையில் அதையே எடுத்துக்கொண்டார்: நாளைக்கு மறுபடி பெரியவர்களாக முடியும் என்றால், இன்று ஒரு முறை குள்ளர்களாக இருப்போம். முடிவு 362க்கு 279. ஐம்பது பேர் மாறி வாக்களித்திருந்தால் தலைமை கவிழ்ந்திருக்கும்.

பிறகு ‘சேருங்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள்’ என்ற இயக்கம். பத்து யூரோவில் கூட்டணியைத் தடுக்கலாம் என்று இளைஞர்கள் பிரசாரம் செய்தார்கள். பிப்ரவரி 6 மாலைக் கெடுவுக்குள் 24,339 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். சோர்ந்து கிடந்த ஒரு கட்சிக்கு, அதன் தலைமையின் முடிவை எதிர்ப்பதற்காகவே பலர் வந்து சேர்ந்தார்கள். எனக்கு இந்த நிகழ்விலேயே பிடித்த பகுதி இது. வாக்குச் சீட்டோடு வந்த தலைமையின் கடிதத்தில் ஆம் பக்கத்து வாதம் மட்டும்தான் இருந்தது. அது நியாயமில்லை, உறுப்பினர்களை நம்பி முடிவை ஒப்படைக்கும்போது மறுபக்க வாதத்தையும் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

இடையில் ஷூல்ஸ், தான் வெளியுறவு அமைச்சராகப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் இரண்டு நாளில் பின்வாங்கினார். பிப்ரவரியில் ஒரு கருத்துக்கணிப்பில் தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. எஸ்.பி.டி.யை நூலிழையில் முந்தியது. இந்த நிலையில்தான் 4,63,723 உறுப்பினர்கள் வீட்டுக்கு உறை வந்தது. 78 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் அனுப்பினார்கள்.

ஏன் ஆம் என்றார்கள்? பயம் ஒரு காரணம். மறுதேர்தல் வந்தால் ஏ.எஃப்.டி.க்குக் கீழே போய்விடுவோம் என்ற பயம். ஒப்பந்தத்தில் கைக்கு வரும் விஷயங்கள் இருந்ததும் காரணம்: மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவை முதலாளியும் தொழிலாளியும் மறுபடி சரிபாதியாகக் கட்டுவது, ஓய்வூதிய அளவை 2025 வரை 48 சதவீதத்துக்குக் கீழே விடாமல் வைப்பது. முதலாவது, ஷ்ரோடர் ஆட்சியே கெடுத்ததைத் திருத்துவது.

ஆனால் இவற்றைவிட ஆழமான ஒன்று இருந்ததாக நினைக்கிறேன். 1930 மார்ச் 27 அன்று, எஸ்.பி.டி.யின் ஹெர்மன் மியூலர் தலைமையிலான பெரும் கூட்டணி அரசு, வேலையில்லாதோர் காப்பீட்டுக்கு யார் பணம் கட்டுவது என்ற தகராறில் கவிழ்ந்தது. கட்சி தொழிலாளர் பக்கம் நின்றது, சமரசத்தை ஏற்கவில்லை. கொள்கைப்படி சரி. அதற்குப் பிறகு வைமார் குடியரசு எனப்பட்ட அன்றைய ஜெர்மனியில் நாடாளுமன்றப் பெரும்பான்மை கொண்ட அரசு அமையவே இல்லை. மூன்று வருடத்தில் ஹிட்லர். அன்று விட்டுக்கொடுத்திருந்தால் வரலாறு மாறியிருக்குமா என்பதை வரலாற்றாசிரியர்கள் தீர்த்துவைக்கவில்லை. ஆனால் தவறான நேரத்தில் வெளியேறக் கூடாது என்ற பயம் இந்தக் கட்சியின் எலும்புக்குள் போய்விட்டது. புது அரசு அமையாமல் நாடு ஐந்து மாதம் தள்ளாடும்போது, வலதுசாரிகள் ஏறிவரும்போது, வேண்டாம் என்று குறிக்கப் பேனாவை எடுத்த கையை அந்த நினைவு தடுத்திருக்கும்.

இது மரியாதைக்குரிய உணர்வு. இதைத் தலைமை காசாக்கிக்கொண்டதுதான் என் கோபம். நீங்கள் மறுத்தால் எல்லாம் போய்விடும் என்பது 2003இல் சொன்னது, 2013இல் சொன்னது, 2018இல் சொன்னது. ஒவ்வொரு முறையும் உறுப்பினர் பொறுப்போடு நடந்துகொண்டார். அந்தப் பொறுப்புணர்வை இலவசமாகக் கிடைக்கும் மூலப்பொருளாகத் தலைமை எடுத்துக்கொண்டது.

தோற்றவர்கள் என்ன செய்தார்கள்

இல்லை என்று எழுதிய 1,23,329 பேரில் கணிசமானவர்கள் தங்கினார்கள். இங்கேதான் உறுப்பினர் வாக்கெடுப்பின் வேலை தெரிகிறது. தலைமை தானே முடிவெடுத்திருந்தால் அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள். வாக்கெடுப்பில் தோற்றதால் அவர்கள் சிறுபான்மையினர். சிறுபான்மையினருக்கு அடுத்த சுற்று உண்டு. க்யூனர்ட் முடிவை ஏற்றுக்கொண்டார், கட்சியை விடவில்லை.

அடுத்த சுற்று சீக்கிரமே வந்தது. ஏப்ரலில் தலைவரான நாலெஸுக்கு 66.35 சதவீதம்தான் கிடைத்தது. அடுத்த வருடம் ஜூனில் அவர் விலகினார். 2019 நவம்பர் இறுதியில் புதுத் தலைமைக்கு நடந்த உறுப்பினர் வாக்கெடுப்பில், கூட்டணியை விமர்சித்த சாஸ்கியா எஸ்கென், நோர்பெர்ட் வால்டர்-போர்யான்ஸ் ஜோடி 53.06 சதவீதத்தில் ஜெயித்தது. தோற்றது ஓலாஃப் ஷோல்ஸ் ஜோடி. ஆண்டுக்கணக்கில் அடங்கியிருந்த கோபம் ஒரு சீட்டில் இறங்கியது. ஆனால் ஜெயித்தவர்கள் கூட்டணியை முறிக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அதே ஷோல்ஸைப் பிரதமர் வேட்பாளராக அறிவித்தார்கள். 2021இல் 25.7 சதவீதத்தில் கட்சி முதலிடம் வந்தது, ஷோல்ஸ் பிரதமரானார். விலகிப் போகாத இடதுசாரிகளும், தோற்றும் விலகாத ஷோல்ஸும் ஒரே மேடையில் நின்றார்கள். 2022 அக்டோபரில் குறைந்தபட்ச ஊதியம் 12 யூரோ ஆனது. 2023 ஜனவரியில் ஹார்ட்ஸ் 4 என்ற பெயர் போய், ‘குடிமக்கள் பணம்’ என்ற பெயரில் கொஞ்சம் இளக்கமான விதிகள் வந்தன. பதினெட்டு வருடம் காத்திருந்த ஒரு உறுப்பினர் அன்று என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். தங்கியது வீண்போகவில்லை என்று நினைக்க அவருக்கு உரிமை இருந்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2024 நவம்பரில் ஷோல்ஸின் கூட்டணி அரசு உடைந்தது. 2025 பிப்ரவரித் தேர்தலில் 16.4 சதவீதம், போருக்குப் பிந்தைய கூட்டாட்சித் தேர்தல்களில் கட்சி கண்ட மிகக் குறைந்த வாக்கு. ஏ.எஃப்.டி. இரண்டாம் இடத்தில். மெர்க்கலின் கட்சியைச் சேர்ந்த ஃப்ரீட்ரிஷ் மெர்ஸ் தலைமையில் மறுபடி கூட்டணி ஒப்பந்தம், மறுபடி உறுப்பினர் வாக்கெடுப்பு, இந்த முறை இணையவழியில். ஒப்பந்தத்தில் ‘குடிமக்கள் பணம்’ திட்டத்தை மாற்றியமைத்து விதிகளை இறுக்குவதும் இருந்தது. 84.6 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

இந்த எண்ணைப் பார்த்து விசுவாசம் கூடிவிட்டது என்று நினைத்தால் தவறு. 2018இல் 78 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2025இல் 56 சதவீதம். அன்று மூன்றில் ஒருவர் இல்லை என்று எழுதினார். இந்த முறை, இல்லை என்று எழுதக்கூடியவர்களில் பலர் எழுதவே இல்லை. சுமார் 3,58,000 உறுப்பினர்களில் ஏறக்குறைய 1,57,000 பேர் மௌனம். சந்தா கட்டுகிறார்கள், பட்டியலில் பெயர் இருக்கிறது, சீட்டைத் தொடவில்லை. வெளியேற்றத்துக்கும் குரலுக்கும் நடுவே இப்படி ஓர் இடம் உருவாகியிருப்பது எனக்கு 2018இன் 1,23,329 இல்லைகளைவிட அதிகக் கவலை தருகிறது. சண்டை போடுகிறவர் இன்னும் சொத்தில் பங்கு கேட்கிறார்.

2025 ஜூன் 27 அன்று பெர்லின் மாநாட்டில் பிரதிநிதிகள் ரகசியமாக வாக்களித்தார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு கட்சியை மெர்ஸ் அரசுக்குள் கொண்டுபோய், தானே நிதியமைச்சரும் துணைப் பிரதமருமான லார்ஸ் க்ளிங்பைல் மறுபடி தலைவர் பதவிக்கு நின்றார். முந்தைய முறை 85.6 சதவீதம் வாங்கியவர். இந்த முறை 64.9. இணைத் தலைவர் பதவிக்குப் பக்கத்தில் நின்ற பெர்பெல் பாஸுக்கு 95. க்ளிங்பைலைத் தலைவராக வைத்துக்கொண்டார்கள், ஒவ்வொரு சீட்டிலும் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு.